ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்ப்போம்: புரத அமைப்பின் அடிப்படைகள், படிப்படியாக

கல்லூரியில் புரத அமைப்பு என்றால் நான்கு வரையறைகள். முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை, நான்காம்நிலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, பக்கத்தில் ஒரு படம். மனப்பாடம் செய்து எழுதிவிட்டால் ஐந்து மதிப்பெண் வந்துவிடும். ஆனால் ஒரு புரதச் சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறினால் ஏன் நோய் வருகிறது, வெந்த முட்டை ஏன் மறுபடி பச்சை முட்டையாவதில்லை என்று யாராவது கேட்டால் அந்த வரையறைகள் கைகொடுக்காது.

இங்கே வேறு வழியில் போவோம். ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொள்வோம்: நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், அதிலும் முக்கியமாக அதன் பீட்டா சங்கிலி. ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்போம்: இந்த நிலையைப் பிடித்து வைத்திருப்பது எது? அதைச் சொல்லத் தெரிந்தால் வரையறை தானாக வந்துவிடும். ஹீமோகுளோபினில் இல்லாத சங்கதிகளுக்கு மட்டும் வெளியே போய்விட்டு வருவோம். பிளஸ் டூ வேதியியல் நினைவிருந்தால் போதும். கூடவே ஒரு கத்தரிக்கோல், பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று, கொஞ்சம் நூல். கடைசிப் படிக்கு இணைய வசதியுள்ள கணினி வேண்டும்.

படி 1: அமினோ அமிலங்களைக் குணம் பார்த்துப் பிரியுங்கள்

புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் 20. நடுவில் ஆல்ஃபா கார்பன். அதில் ஒரு அமினோ தொகுதி, ஒரு கார்பாக்சில் தொகுதி, ஒரு ஹைட்ரஜன், ஒரு பக்கச் சங்கிலி. முதல் மூன்றும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொது. ஆளுக்கு ஆள் வேறுபடுவது பக்கச் சங்கிலிதான்.

20 கட்டமைப்புகளையும் முதல் நாளே வரைந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். தண்ணீரோடு ஒத்துப்போகுமா போகாதா என்று பார்த்துப் பிரித்தால் போதும். வாலின், லியூசின், ஐசோலியூசின், மெத்தியோனின், ஃபீனைல்அலனின் ஆகியவை எண்ணெய்க் குணம் கொண்டவை, தண்ணீரோடு சேராது. செரின், த்ரியோனின், அஸ்பராஜின், குளுட்டமின் ஆகியவற்றுக்கு மின்சுமை இல்லை, ஆனால் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். ஆஸ்பார்ட்டேட்டும் குளுட்டமேட்டும் எதிர்மின்சுமை உள்ளவை. லைசினும் ஆர்ஜினினும் நேர்மின்சுமை உள்ளவை. ஹிஸ்டிடின் இரண்டுங்கெட்டான். அதன் பி.கே.ஏ. மதிப்பு ஏறக்குறைய 6 என்பதால், உடலின் அமிலத்தன்மை கொஞ்சம் அசைந்தாலும் மின்சுமையை ஏற்கும் அல்லது விடும். நொதிகள் பலவற்றின் செயல்மையத்தில் ஹிஸ்டிடின் உட்கார்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்று பேரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி என்று இருப்பது வெறும் ஹைட்ரஜன். எந்த இடுக்கிலும் நுழையும், எப்படியும் வளையும். புரோலின் அதற்கு நேர் எதிர். அதன் பக்கச் சங்கிலி வளைந்து வந்து தன் நைட்ரஜனையே பிடித்துக்கொள்வதால் விறைப்பானது. சிஸ்டைனில் கந்தகம் உண்டு. இரண்டு சிஸ்டைன்கள் சேர்ந்து டைசல்ஃபைடு பிணைப்பு போட முடியும்.

குளுட்டமேட் தண்ணீர்ப் பக்கம், வாலின் எண்ணெய்ப் பக்கம். இந்த இரண்டு பெயர்களும் எட்டாம் படியில் வேண்டியிருக்கும்.

படி 2: வரிசையைப் படியுங்கள் (முதல்நிலை அமைப்பு)

ஒன்றின் கார்பாக்சில் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. பெப்டைடு பிணைப்பு உருவாகிறது. வரிசையை எப்போதும் அமினோ முனையிலிருந்து கார்பாக்சில் முனை நோக்கியே படிக்க வேண்டும். பீட்டா சங்கிலியின் தொடக்கம் இது: வாலின், ஹிஸ்டிடின், லியூசின், த்ரியோனின், புரோலின், குளுட்டமேட், குளுட்டமேட், லைசின்... இப்படி 146 வரை போகும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சங்கிலிக்குள் இருக்கும் அமினோ அமிலத்தின் சராசரி எடை ஏறக்குறைய 110 டால்டன் (ஒரு டால்டன் ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை). 146-ஐ 110-ஆல் பெருக்கினால் 16,060. உண்மையான எடை 15,867. மனக்கணக்குக்கு இது மோசமில்லை. தேர்விலும் ஆய்வகத்திலும், புரதங்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தைப் பார்த்து உத்தேசம் சொல்ல இதுவே போதும்.

ஒவ்வொரு இடத்திலும் 20 பேரில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால், 146 நீளத்துக்குச் சாத்தியமான வரிசைகள் 1-க்குப் பின்னால் 190 சுழியங்கள். உடல் அதில் ஒன்றைத்தான் எழுதுகிறது. ஒரு புரதத்துக்கு நிச்சயமான ஒரே வரிசை உண்டு என்பதே 1950-களின் முற்பகுதி வரை ஐயத்துக்குரியதாக இருந்தது. ஃபிரெடரிக் சாங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களையும் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக் காட்டிய பிறகே அந்த ஐயம் தீர்ந்தது. 1958-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நம் கேள்வி: முதல்நிலையைப் பிடித்து வைத்திருப்பது எது? சகப்பிணைப்பு. அது எவ்வளவு உறுதி என்றால், ஆய்வகத்தில் ஒரு புரதத்தை முழுமையாக அமினோ அமிலங்களாக உடைக்க 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைப்பார்கள். அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் இதைத் தொடக்கூட முடியாது. வயிற்றில் இதே வேலையை நொதிகள் 37 டிகிரியில் முடித்துவிடுகின்றன என்பது வேறு கதை.

படி 3: பத்திரிகையை வெட்டுங்கள் (பெப்டைடு தளம்)

பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகும் இடம் இது. என் கணிப்பில் புரத அமைப்பு முழுவதற்கும் சாவி இங்கேதான் இருக்கிறது.

பெப்டைடு பிணைப்பில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே ஒற்றைக் கோடு போட்டு வரைகிறோம். ஆனால் அதன் நீளத்தை அளந்தால் 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). சாதாரண ஒற்றைப் பிணைப்பு 1.47 அளவிலும் இரட்டைப் பிணைப்பு 1.27 அளவிலும் இருக்கும். பக்கத்து ஆக்சிஜனோடு எலக்ட்ரான்களைப் பகிர்வதால் இது பாதி இரட்டைப் பிணைப்பாக இருக்கிறது. இரட்டைப் பிணைப்பு சுழலாது. அதனால் பெப்டைடு பிணைப்பைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் கட்டுண்டு கிடக்கின்றன.

சரி, கத்தரிக்கோலை எடுங்கள். பத்திரிகை அட்டையை ஒரே அளவில் ஆறேழு சின்னச் செவ்வகங்களாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒரு பெப்டைடு தளம். ஒவ்வொரு அட்டையிலும் எதிரெதிர் மூலைகள் இரண்டில் துளை போட்டு, ஓர் அட்டையின் மூலையை அடுத்ததன் மூலையோடு நூலால் கட்டுங்கள். முடிச்சு விழும் இடம் ஆல்ஃபா கார்பன். அட்டை வளையாது; முடிச்சில் மட்டும் திரும்பும். முடிச்சுக்கு ஒரு பக்கம் நைட்ரஜனோடு சேரும் பிணைப்பின் சுழற்சி, அதன் கோணத்துக்கு ஃபை என்று பெயர். மறுபக்கம் கார்பனைல் கார்பனோடு சேரும் பிணைப்பின் சுழற்சி, அது சை. ஆக, ஓர் அமினோ அமிலத்துக்கு இரண்டே கோணங்கள். எல்லா ஃபை, சை மதிப்புகளும் தெரிந்தால் சங்கிலி மொத்தமும் எப்படி ஓடுகிறது என்று வரைந்துவிடலாம்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். அடுத்தடுத்த ஆல்ஃபா கார்பன்கள் தளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதுதான் வழக்கம். அது டிரான்ஸ் நிலை. புரோலினுக்கு முன்னால் வரும் பிணைப்பு மட்டும் நூற்றுக்கு ஐந்தாறு இடங்களில் சிஸ் நிலையில் இருக்கும்.

படி 4: எந்தக் கோணங்கள் சாத்தியம்? (ராமச்சந்திரன் வரைபடம்)

அட்டைகளைக் கண்டபடி திருகிப் பாருங்கள். பல கோணங்களில் ஓர் அட்டை இன்னொன்றில் இடிக்கும். உண்மையான அணுக்களுக்கும் அதே கதிதான். எந்தெந்தக் கோணங்களில் இடிக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகம்.

ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு 30 வயதுதான். எதை ஆராயலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது, சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொன்னார். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் புரதம் அது. கங்காரு வால் தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ஒரு விடை சொன்னார்கள்: மூன்று சங்கிலிகள் பின்னிய சுருள். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்க வேண்டும், ஏனென்றால் சுருளின் நடு அச்சில் ஹைட்ரஜனைத் தவிர வேறு பக்கச் சங்கிலிக்கு இடமே கிடையாது.

அப்புறம்தான் சுவாரசியம். ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், இந்த மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்று குறை சொன்னார்கள். இருக்கக்கூடாத அளவு என்றால் எவ்வளவு? யாரிடமும் தெளிவான பட்டியல் இல்லை. ராமச்சந்திரன் குழு அதுவரை வெளியான படிக அமைப்புகளைப் புரட்டி, எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று தொகுத்தது. பிறகு அடுத்தடுத்த இரண்டு பெப்டைடு தளங்களை எடுத்து, ஃபை, சை கோணங்களை மாற்றி மாற்றி எங்கே இடிக்கிறது, எங்கே இடிக்கவில்லை என்று கணக்கிட்டது. ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட அந்த வரைபடம் இன்று உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடம்.

அதை வாசிப்பது எளிது. கிடையாக ஃபை, செங்குத்தாக சை; இரண்டும் −180 முதல் +180 டிகிரி வரை. பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் தடைசெய்யப்பட்ட பகுதி. மேலே இடது மூலையில் ஒரு தீவு. பீட்டா அமைப்புகள் அங்கே குடியிருக்கும். இடது பக்கம் நடுவுக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு தீவு. ஆல்ஃபா சுருளின் இடம். வலது பக்கம் ஒரு குட்டித் தீவு, இடக்கைச் சுருளுக்கு. கிளைசின் மற்றவர்கள் போக முடியாத இடங்களுக்கும் போகும். புரோலினின் ஃபை கோணமோ −65 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும், யார் ஒரு புதிய புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் முதலில் இந்தச் சோதனையில் தேற வேண்டும். நல்ல அமைப்பில் 98 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் விரும்பத்தக்க பகுதிக்குள் இருக்கும். நிறைய புள்ளிகள் கடலில் மிதந்தால் மாதிரியில் எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

படி 5: சுருளும் தாளும் (இரண்டாம்நிலை அமைப்பு)

எல்லா அமினோ அமிலங்களும் ஒரே தீவில் ஒரே ஃபை, சை மதிப்பை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒழுங்கான வடிவம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதுதான் இரண்டாம்நிலை.

ஃபை −60, சை −45 என்ற அளவில் வைத்துக்கொண்டே போனால் ஆல்ஃபா சுருள். ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள், ஒரு சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம். ஓர் அமினோ அமிலத்தின் கார்பனைல் ஆக்சிஜன், நான்கு இடம் தள்ளி வரும் அமினோ அமிலத்தின் நைட்ரஜனில் இருக்கும் ஹைட்ரஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். பக்கச் சங்கிலிகள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடித்த விதம் நம் அட்டை விளையாட்டேதான். 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் சளி பிடித்துப் படுக்கையில் கிடந்தார். துப்பறியும் கதைகள் அலுத்துப்போய், ஒரு காகிதத்தில் பெப்டைடு சங்கிலியை வரைந்து, பெப்டைடு தளம் வளையாது என்ற ஒரே நிபந்தனையோடு காகிதத்தை மடித்துப் பார்த்தார். சுருள் வந்தது. ஆனால் முடியின் எக்ஸ் கதிர்ப் படங்களில் 5.1 ஆங்ஸ்ட்ராம் என்று ஒரு புள்ளி இருக்க, அவருக்குக் கிடைத்தது 5.4. அந்த 0.3 வித்தியாசம் உறுத்தியதால் 1951 வரை வெளியிடவில்லை. முடியில் சுருள்கள் ஒன்றையொன்று சுற்றிச் சாய்ந்திருப்பதால் வந்த வித்தியாசம் அது என்பது பிறகு தெரிந்தது. கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெருட்ஸ் பாலிங்கின் கட்டுரையைப் படித்த கையோடு ஒரு குதிரை முடியை எக்ஸ் கதிரில் வைத்து, அந்தச் சுருள் உண்மையானால் வந்தே ஆக வேண்டிய 1.5 ஆங்ஸ்ட்ராம் புள்ளியைத் தேடினார். இருந்தது. அவருடைய குழு அதற்கு முந்தைய ஆண்டுதான் பெப்டைடு தளம் வளையாது என்பதைக் கணக்கில் எடுக்காமல் வேறு சுருள்களை முன்மொழிந்திருந்தது. மூன்றாம் படியை ஏன் அழுத்திச் சொன்னேன் என்பது இப்போது புரியும்.

பீட்டா தாளில் சங்கிலி ஏறக்குறைய நீட்டி விடப்பட்டிருக்கும். பக்கத்துப் பக்கத்து இழைகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பு. இழைகள் ஒரே திசையில் ஓடினால் இணை, எதிரெதிராக ஓடினால் எதிரிணை. பட்டு நூலின் ஃபைப்ரோயின் எதிரிணைத் தாள்களால் ஆனது. கிளைசினும் அலனினும் செரினும் மாறி மாறி வருவதால் தாள்கள் நெருக்கமாக அடுக்கி நிற்கின்றன. சங்கிலி ஏற்கெனவே நீண்டு கிடப்பதால் பட்டு மேலும் அதிகம் நீளாது.

இங்கே பலரும் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் பீட்டா தாள் கிடையாது! சங்கிலிகளுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று வைத்தது வெறும் பெயர். பீட்டா சங்கிலியில் இருப்பவை எட்டு ஆல்ஃபா சுருள்கள். 'ஏ' முதல் 'எச்' வரை பெயரிட்டிருக்கிறார்கள். சுருள்களை இணைக்கும் திருப்பங்களும் வளையங்களும் ஒழுங்கற்றவை போலத் தெரிந்தாலும் அவற்றுக்கும் நிலையான வடிவம் உண்டு.

பிடித்து வைத்திருப்பது எது? முதன்மைச் சங்கிலியின் அணுக்களுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு. பக்கச் சங்கிலிகளுக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை. இரண்டாம்நிலைக்கும் மூன்றாம்நிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இதுதான்.

படி 6: தண்ணீர் செய்யும் வேலை (மூன்றாம்நிலை அமைப்பு)

146 அமினோ அமிலங்களையும் முழுதாக நீட்டினால் ஏறக்குறைய 500 ஆங்ஸ்ட்ராம் நீளம் வரும். ஆனால் நான்கு சங்கிலிகள் சேர்ந்த முழு ஹீமோகுளோபினே அதிகபட்சம் 65 ஆங்ஸ்ட்ராம் அகலம்தான். இவ்வளவு இறுக்கமாக மடிய வைப்பது எது?

ஹைட்ரஜன் பிணைப்பு, எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு, வான்டர் வால்ஸ் விசை, டைசல்ஃபைடு என்று பட்டியல் போடுவது வழக்கம். எல்லாம் உண்மைதான். ஆனால் பட்டியலாகப் போட்டால் எல்லாம் சமம் போலத் தோன்றும். முக்கிய வேலை செய்வது தண்ணீர். எண்ணெய்க் குணமுள்ள பக்கச் சங்கிலி தண்ணீரில் தனியாக நின்றால், அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தங்கள் சுதந்திரத்தை இழந்து ஒழுங்காக நிற்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட சங்கிலிகள் எல்லாம் ஒன்றுகூடி உள்ளே ஒளிந்துகொண்டால் அந்த நீர் மூலக்கூறுகள் விடுபடுகின்றன, என்ட்ரோபி கூடுகிறது. எண்ணெய்ச் சங்கிலிகள் ஒன்றையொன்று விரும்பிச் சேர்வதைவிட, தண்ணீர் அவற்றை ஒதுக்கித் தள்ளுவதே பெரிது.

ஹீமோகுளோபினில் இதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். 'ஈ', 'எஃப்' சுருள்களுக்கு நடுவே எண்ணெய்க் குணமுள்ள ஒரு பை. அதற்குள் ஹீம் என்ற தட்டையான வளையம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. பீட்டா சங்கிலியின் 92-ஆம் ஹிஸ்டிடின் இரும்பை ஒரு பக்கம் பிடித்திருக்கிறது. மறுபக்கம் ஆக்சிஜன் வந்து உட்காரும், அருகில் 63-ஆம் ஹிஸ்டிடின் அதற்குத் துணை. வரிசையில் 29 இடம் தள்ளியிருந்த இருவர் மடிப்பினால் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். பைக்குள் தண்ணீர் எளிதில் நுழைய முடியாததால்தான் இரும்பு ஃபெரஸ் நிலையிலேயே இருக்கிறது. வெறும் ஹீமைத் தண்ணீரில் போட்டால் இரும்பு விரைவிலேயே ஃபெரிக் நிலைக்குப் போய்விடும். பிறகு ஆக்சிஜனைச் சுமக்காது.

டைசல்ஃபைடுக்கு மட்டும் வெளியே போக வேண்டும், ஹீமோகுளோபினில் அது இல்லை. ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியில் 124 அமினோ அமிலங்கள், எட்டு சிஸ்டைன்கள், நான்கு டைசல்ஃபைடுகள். கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் மடிப்பைக் குலைக்கும் யூரியாவையும் டைசல்ஃபைடுகளை உடைக்கும் மெர்காப்டோஎத்தனாலையும் போட்டு அதை முழுதாக அவிழ்த்தார். நொதியின் வேலை நின்றுபோனது. இரண்டையும் நீக்கினார், தானாக மடிந்து வேலை திரும்பியது. அடுத்துச் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். யூரியா இருக்கும்போதே டைசல்ஃபைடுகள் உருவாக விட்டார். எட்டு சிஸ்டைன்கள் ஜோடி சேர 105 வழிகள். கண்டபடி சேர்ந்தன, நொதியின் வேலைத்திறன் ஒரு விழுக்காடு அளவுக்கே இருந்தது. ஆக, சரியான ஜோடியைச் சொல்வது மடிப்பு. டைசல்ஃபைடு பூட்டு மட்டும் போடுகிறது. எப்படி மடிய வேண்டும் என்ற தகவல் வரிசையிலேயே இருக்கிறது என்பது இதிலிருந்து வந்த முடிவு. அவருக்கு 1972-இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லாப் புரதமும் இப்படித் தனியாகச் சமாளிப்பதில்லை. செல்லுக்குள் பலவற்றுக்கு மடிய உதவும் துணைப் புரதங்கள் தேவை.

இயல்பிழத்தல் இதன் மறுபக்கம். முட்டை வெள்ளையைச் சூடாக்கும்போது அதிலுள்ள புரதங்கள் அவிழ்கின்றன, உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய்ப் பகுதிகள் வெளியே வந்து பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. சிக்கிக்கொண்ட சங்கிலிகள் பிரிந்து தனித்தனியாக மடிய வழியில்லை. அதனால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. முதல்நிலை அப்படியே இருக்கும். பால் தயிராவதையும் இயல்பிழத்தலுக்கு எடுத்துக்காட்டாகப் பல பாடக் குறிப்புகள் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாலின் முக்கியப் புரதமான கேசீனுக்கு இறுக்கமான மடிப்பே கிடையாது. புளிப்பு ஏறிப் பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது அதன் மின்சுமை சமனாகி, விலகி நின்றவை ஒன்றாகத் திரள்கின்றன. மடிப்பே இல்லாததற்கு அவிழ என்ன இருக்கிறது?

படி 7: நால்வர் கூட்டணி (நான்காம்நிலை அமைப்பு)

ஒன்றுக்கு மேற்பட்ட சங்கிலிகள் உள்ள புரதத்துக்கு மட்டுமே இந்த நிலை. ஹீமோகுளோபினில் 141 நீளமுள்ள ஆல்ஃபா சங்கிலிகள் இரண்டு, பீட்டா சங்கிலிகள் இரண்டு, ஹீம் நான்கு. பிடித்து வைத்திருப்பவை மூன்றாம்நிலையின் அதே விசைகள். சங்கிலிக்குள் இருந்தவை இப்போது சங்கிலிகளுக்கு இடையே.

நான்கு பேர் ஏன் சேர வேண்டும்? தசையில் இருக்கும் மயோகுளோபின் ஒற்றைச் சங்கிலி. அது ஆக்சிஜனைப் பிடித்தால் லேசில் விடாது. நுரையீரலிலிருந்து திசுக்களுக்குச் சுமப்பவருக்கு அந்தக் குணம் உதவாது. பிடிக்கவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும். ஹீமோகுளோபினில் ஒரு ஹீம் ஆக்சிஜனைப் பிடித்தவுடன் வளையத்துக்குக் கொஞ்சம் வெளியே இருந்த இரும்பு உள்ளே நகர்கிறது. 92-ஆம் ஹிஸ்டிடினையும் 'எஃப்' சுருளையும் இழுக்கிறது. சங்கிலிகளுக்கு இடையிலான சில மின்சுமைப் பிணைப்புகள் அறுந்து, ஓர் ஆல்ஃபா-பீட்டா ஜோடி மற்ற ஜோடியைப் பார்க்க 15 டிகிரி திரும்புகிறது. மீதி ஹீம்களுக்கு ஆக்சிஜனைப் பிடிப்பது எளிதாகிவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத இறுகிய நிலைக்கு 'டி', இளகிய நிலைக்கு 'ஆர்' என்று பெயர்.

பெருட்ஸ் இந்தப் புரதத்தை 1937-இல் கையில் எடுத்தார். முதல் வடிவம் கண்ணுக்குத் தெரிய 1959 ஆனது. மயோகுளோபினின் அமைப்பைக் கண்டறிந்த ஜான் கெண்ட்ரூவோடு 1962-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

படி 8: ஆறாவது இடத்தை மாற்றிப் பாருங்கள்

இப்போது வரிசைக்குத் திரும்புங்கள். ஆறாவது இடம் குளுட்டமேட். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அங்கே வாலின் வரும். 1950-களில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்ராம், ஹீமோகுளோபினை நொதியால் துண்டுகளாக வெட்டிக் காகிதத்தில் பரப்பிப் பார்த்தபோது, கதிர் அரிவாள் இரத்தசோகை உள்ளவரின் மாதிரியில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. காரணம் இந்த மாற்றம்தான்.

நிலை நிலையாகப் போவோம். முதல்நிலை: ஓர் இடம் மாறியது. இரண்டாம்நிலை: சுருள்கள் அப்படியே. மூன்றாம்நிலை: மடிப்பும் அப்படியே, ஹீம் பையும் நலம். நான்காம்நிலை: நால்வரும் வழக்கம்போல் சேர்கிறார்கள், ஆக்சிஜனையும் பிடிக்கிறார்கள். பிறகு என்னதான் பிரச்சினை? ஆறாவது இடம் மூலக்கூறின் வெளிப்புறத்தில் இருக்கிறது. தண்ணீரை விரும்பும் குளுட்டமேட் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்க் குணமுள்ள வாலின் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆக்சிஜனை விட்ட 'டி' நிலையில், பக்கத்து ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 85-ஆம் ஃபீனைல்அலனினும் 88-ஆம் லியூசினும் சேர்ந்து ஒரு சின்னக் குழியைத் திறந்து வைத்திருக்கின்றன. வாலின் அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒன்றோடு ஒன்று, அதோடு இன்னொன்று என்று நீண்ட இழைகளாகி, செல்லையே அரிவாள் வடிவத்துக்கு வளைத்துவிடுகின்றன.

அதே ஆறாவது இடத்தில் குளுட்டமேட்டுக்குப் பதில் லைசின் வருவதும் உண்டு. அது ஹீமோகுளோபின் 'சி'. மின்சுமை நேர்மாறாகிவிட்டது, ஆனாலும் நோய் லேசானது. லைசின் தண்ணீர்ப் பக்கம்தானே, எண்ணெய்க் குழிக்குள் போகாது. முதல் படியில் தண்ணீரை வைத்துப் பிரித்தது வீண்போகவில்லை.

ஆறாவது இடத்தில் வாலின் உள்ள ஹீமோகுளோபின் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. இந்தியாவிலிருந்து வந்த முதல் அறிக்கைகளில் ஒன்று, 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கண்டு எழுதியது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால் மலேரியாவின் கடுமை குறைகிறது. மலேரியா இருந்த பகுதிகளில் இது நிலைத்ததற்கு அதுவே காரணம்.

படி 9: கணினியில் திறந்து பாருங்கள்

உலகின் புரத அமைப்புகளை எல்லாம் சேர்த்து வைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பார்க்கக் காசு வேண்டாம், கணக்கு தொடங்கவும் வேண்டாம். அதன் தளத்தில் '4 எச்.எச்.பி.' என்ற நான்கு குறிகளை இடைவெளியும் புள்ளியும் இல்லாமல் ஆங்கிலத்தில் தேடுங்கள். ஆக்சிஜன் இல்லாத மனித ஹீமோகுளோபின் வரும்.

படத்துக்குப் போகும் முன் இரண்டு விவரங்களைப் பாருங்கள். எந்த முறையில் கண்டது: எக்ஸ் கதிர்ப் படிகவியல். துல்லியம்: 1.74 ஆங்ஸ்ட்ராம். இந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு தெளிவு; 3-க்கு மேல் போனால் பக்கச் சங்கிலிகளின் இருப்பிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

பிறகு முப்பரிமாணக் காட்சியைத் திறங்கள். 'ஏ', 'சி' ஆல்ஃபா சங்கிலிகள். 'பி', 'டி' பீட்டா சங்கிலிகள். மேலே வரிசை தெரியும் பட்டையில் 'பி' சங்கிலியைத் தேர்ந்தெடுத்து ஆறாவது எழுத்தைச் சொடுக்கினால் அந்தக் குளுட்டமேட்டைக் காட்டும். வெளிப்புறத்தில் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பிறகு 63, 92 ஆகிய இரண்டு ஹிஸ்டிடின்களையும் சொடுக்கி, நடுவில் ஹீம் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து '2 எச்.பி.எஸ்.' அமைப்பைத் திறங்கள். அது வாலின் உள்ள ஹீமோகுளோபின். இரண்டு மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் ஆறாம் வாலின் மற்றதன் குழிக்குள் நுழைந்திருப்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சி.

ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்திலும் இதே சங்கிலி கிடைக்கும். வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் அந்தக் கணினி நிரலுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபலில் பங்கு பெற்றார்கள். 20 கோடிக்கு மேற்பட்ட கணிப்புகள் அதில் உள்ளன. நிறத்தைப் பார்த்து நம்புங்கள்: அடர்நீலம் என்றால் கணிப்பில் நம்பிக்கை அதிகம், ஆரஞ்சு என்றால் மிகக் குறைவு. ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். அந்தத் தரவுத்தளத்தின் பீட்டா சங்கிலி தனியாக நிற்கும். ஹீமும் இருக்காது, கூட்டாளிகளும் இருக்க மாட்டார்கள். இன்னொன்று, அங்கே எண்ணிக்கை தொடக்க மெத்தியோனினிலிருந்து போகும். உடலில் அந்த மெத்தியோனின் வெட்டி நீக்கப்பட்டுவிடும். பழைய எண்ணிக்கை அதைச் சேர்ப்பதில்லை. ஆகவே ஆறாவது குளுட்டமேட் அங்கே ஏழாவது. இது தெரியாமல் அங்கே ஆறாவது இடத்தைச் சொடுக்கினால் புரோலின்தான் வரும்; ஏழு என்ற எண்ணோடு பழைய எண்ணிக்கையில் தேடினால் வேறு ஒரு குளுட்டமேட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம், ஏனென்றால் பக்கத்திலும் குளுட்டமேட்தான் இருக்கிறது.

இது கைவந்த பிறகு '1 சி.ஏ.ஜி.' என்ற கொலாஜன் மாதிரியைத் திறந்து பாருங்கள். மூன்று சங்கிலிகளிலும் நடுவில் ஒரு கிளைசினுக்குப் பதில் அலனின் வைத்திருக்கிறார்கள். சுருள் அந்த இடத்தில் மட்டும் எவ்வளவு புடைத்திருக்கிறது என்று மேலும் கீழும் ஒப்பிட்டு அளந்து பாருங்கள்.